பன்னிரண்டு நாள் காப்பு

காலை ஆறரை மணிக்கெல்லாம் பாப்பாவின் கடையில் நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலங்கள் தீர்ந்துவிட்டன. ஈப்போ தொழிற்சாலைப் பேருந்து வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனதும் ஆறாவது மைலில் இருக்கும் ஆறாங்கட்டைத் தோட்டம் சற்றே மூச்சு விட்டது. தோட்டம் என்பது பெயரளவில்தான். கடைசி ரப்பர் மரத்தை வெட்டி இருபது வருடம் ஆகிறது. சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலைகளின் அடியில் தொழிலாளர்களின் நாற்பத்திரண்டு லயத்து வீடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் மட்டும் மிச்சம் இருந்தன.

அன்று அந்தப் பக்கம் ஒரு கத்தைப் படிவங்களோடு வந்தாள் புஷ்பலதா. ஈப்போவில் சிலிபின் பகுதியில் குடியிருப்பவள், அரசு மருத்துவ நிலையத்தில் தாதி, ஊர்க்காரர்களுக்கு 'மிஸி'. தடுப்பூசியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை அவளுக்கு.

"அக்கா, தடுப்பூசிய நம்புறீங்களா?"

பாப்பா அண்டாவைத் தேய்த்துக்கொண்டே, "நம்புறேன் லா மிஸி. எழுதிக்குங்க" என்றாள்.

"புள்ளைக்குப் போடுவீங்களா?"

"போடுவோம் லா."

தூளியில் அவளுடைய பத்து மாதப் பையன் கோகிலன் கட்டைவிரலைச் சப்பியபடி புஷ்பலதாவைப் பார்த்துச் சிரித்தான். புஷ்பலதா 'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நாற்பத்திரண்டு வீட்டிலும் அதே பதில்தான் கிடைத்தது. ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை. புஷ்பலதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாவம், அவளுக்குத் தோட்டத்து வழக்கம் தெரியாது. மரம் இருந்த காலத்தில் தோட்டத்தில் காகிதத்தோடு வருகிறவர் கணக்கு எழுதும் கிராணி. கிராணியிடம் 'இல்லை' என்று சொன்னவனுக்கு மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது பால் வெட்ட நல்ல மர நிரை கிடைக்காது. ஆகவே காகிதத்தைக் கண்டால் 'சரி' என்று சொல்லிவிடுவது, அப்புறம் தன் மனம்போல் நடந்துகொள்வது என்று மூன்று தலைமுறையாகப் பழகியிருந்தார்கள். தோட்டம் போயும் அந்தத் தலையாட்டல் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை குளிர்பெட்டியில் மருந்தோடு மருத்துவ வேன் வந்து கோயில் முன்னால் நின்றது. ஊசி போடவேண்டிய பிள்ளைகள் பத்தொன்பது பேர். வெயில் ஏறியது, இறங்கியது. ஒரு பிள்ளைகூட வரவில்லை. "அவரு வரட்டும் மிஸி", "புள்ளைக்குச் சளி மிஸி", "அடுத்த வாரம் பாக்கலாம் லா" என்று வாசலுக்கு வாசல் ஒரு சாக்கு. பாப்பாவின் கடைக் கதவு எட்டு மணிக்கே சாத்தியிருந்தது. எடுத்துவந்த மருந்து அப்படியே திரும்பிப் போனது.

மருத்துவ நிலையத்தில் டாக்டர் ஷஹீதா படிவங்களை மேசையில் வைத்துப் புரட்டினார்.

"நாப்பத்திரண்டு வீடும் நம்புதுன்னு எழுதிட்டு வந்திருக்கே, புஷ்பா. யாரு நம்புறது, அவங்களா, நீயா?"

டாக்டர் படிவங்களை ஒதுக்கி வைத்தார்.

"பக்கத்து ஊர்க் கம்பத்துல மூணு புள்ளைங்களுக்குத் தட்டம்மை. அதுல ஒண்ணு ஈப்போ ஆஸ்பத்திரில மெஷின் வச்சு மூச்சு விடுது. ரெண்டு கட்டை தூரம் கூட இல்ல. அங்க இருந்து ஆறாங்கட்டைக்கு வர எத்தன நாள் ஆகும்? போய்த் திரும்பக் கேளு. ஆனா போராங் எடுத்துட்டுப் போகாத."

படிவமும் பேனாவும் இல்லாமல் போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் போனாள். தூளியில் சிரித்த அந்த முகம் அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் போன அன்று ஆடி மாதத் தீமிதி. சாயங்காலம் கோயில் முன்னால் இருபதடி நீளத்துக்கு நெருப்புக் குழி தகதகத்தது. பத்தடி தள்ளி நின்றும் அவள் முகம் காந்தியது. பத்து நாளாகக் கையில் காப்புக் கட்டி, ஊர் எல்லை தாண்டாமல், ஒரு வேளை மட்டும் உண்டு விரதம் இருந்தவர்கள் மஞ்சள் உடையில் வரிசையாக நின்றார்கள். பெண்களில் முதலாவதாக நின்றவள் பாப்பா.

பறை முழங்கியது. பாப்பா கண்ணைத் திறந்தபடியே நெருப்பில் கால் வைத்தாள். ஓடவில்லை. கடைக்குத் தண்ணீர் சுமக்கிறவள் நடையிலேயே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் தீப்பொறி எழும்பி அவள் முழங்கால்வரை வந்து அணைந்தது. மறுகரையில் பால் ஊற்றிய குழியில் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். புஷ்பலதாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, கை தானாகக் கும்பிட்டது. படித்த படிப்பில் இதற்கு விளக்கம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த விளக்கம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இந்த மனுஷியா ஒரு சின்ன ஊசியைக் கண்டு கதவைச் சாத்தினாள் என்ற வியப்புத்தான் எழுந்தது.

மறுநாள் காலை கடை ஓய்ந்ததும் அதைக் கேட்டேவிட்டாள்.

"அக்கா, நெருப்புக்குப் பயப்படாத நீங்க ஊசிக்கு ஏன்க்கா பயப்படுறீங்க?"

பாப்பா அவள் கைகளைப் பார்த்தாள். காகிதம் இல்லை. தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நெருப்பு என் கால்ல மிஸி. ஊசி என் புள்ள உடம்புல. ரெண்டும் ஒண்ணா?"

புஷ்பலதா தேநீரைக் கையில் எடுத்தாள். பாப்பாவே தொடர்ந்தாள்.

"என் மூத்தவ பிரமிளாவுக்கு ஒரு வயசு. தட்டம்மை ஊசி போட்டோம். 'சின்னக் காச்சல் வரும், போயிரும்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. எட்டாவது நாள் நெருப்பா கொதிச்சா. கண்ணு மேல சொருகிருச்சு. கை கால் இழுத்துச்சு. என் மடியில மிஸி, இதே எடத்துல. ஊரே பாத்துச்சு. ஆஸ்பத்திரில சரியாயிருச்சு, இப்ப நல்லாத்தான் இருக்கா, அஞ்சாம் ஆண்டு படிக்கிறா. ஆனா ஏன் இழுத்துச்சு, திரும்ப வருமா, யாரும் ஒரு வார்த்த சொல்லல. 'எழுதிக்கிட்டோம்'னு சொன்னாங்க. அப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரல."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். இங்கே ஒரு பூனைக்குப் பட்ட சூட்டில் ஊரே அடுப்பங்கரையை விட்டு விலகிவிட்டது. நெருப்பில் முதலில் இறங்குகிற பாப்பாவே பயப்படுகிறாள் என்றால் மற்றவர்கள் எங்கே துணிவார்கள்?

"நீங்க பயந்ததுல தப்பே இல்லக்கா" என்றாள் புஷ்பலதா. "அது காச்சலோட வர்ற இழுப்பு. ஊசிக்கப்புறம் எப்பவாவது ஒரு புள்ளைக்கு வரும். பாக்க உயிரே போயிரும், ஆனா பெரும்பாலும் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. வரவே வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா தட்டம்மை வந்தா அத விடப் பெரிய காச்சல், அத விடப் பெரிய இழுப்பு எல்லாம் வரலாம். பக்கத்துக் கம்பத்துல ஒரு புள்ள மூச்சு விட முடியாம கெடக்கு. அதுக்கும் கோகிலன் வயசுதான்."

பாப்பா தூளியை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"ஊசி போட்டா எத்தன நாள் வரைக்கும் காச்சல் வரும்?"

"வந்தா பன்னெண்டு நாளுக்குள்ள."

"அப்ப நீங்க காப்புக் கட்டிக்குவீங்களா மிஸி? பன்னெண்டு நாளும் பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்து என் புள்ளய பாக்கணும். மழை, வேலை கெர்ஜா, வீட்டுல சூசா தொந்தரவுன்னு எந்தக் கதையும் ஆத்தாகிட்ட எடுபடாது. கட்டுனா கட்டுனதுதான்."

புஷ்பலதா கையை நீட்டினாள்.

கோயிலில் பூசாரி சின்னையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தீமிதி முடிஞ்சு காப்பு அவுத்தாச்சே பாப்பா, இப்ப என்னா காப்பு?"

"இது மிஸியோட தீமிதிண்ணே. கட்டுங்க."

ஊசி போடுகிற கையில் கயிறு கூடாது என்பது மருத்துவ நிலையத்து விதி. அதனால் முழங்கைக்கு மேலே சட்டைக்குள் மறைகிற மாதிரி மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் ஷஹீதா அதைப் பார்த்துவிட்டுச் சங்கதியைக் கேட்டார். கேட்டு முடித்ததும், "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல உனக்கு இங்க வேலை இல்ல, ஓடு" என்றார்.

கோகிலனுக்கு ஊசி போட்டார்கள். ஒரு வீறல், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆறாங்கட்டை நாள் எண்ணத் தொடங்கியது. புஷ்பலதாவின் பழைய கார் தினமும் மலை வளைவில் திரும்பும்போது யாராவது ஒருவர் வாசலில் நின்று, "மிஸி வந்துட்டாங்க" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஆறாம் நாள் பேய்மழையில் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. கல்லுடைப்பு லாரி ஓட்டும் பாப்பாவின் கணவன் சுகுமாரன் வழியில் அவளைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தான். சேறும் சகதியுமாக அவள் இறங்கியதை ஊர் பார்த்தது. ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது.

புஷ்பலதா வந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். பாப்பா அதே இடத்தில், அதே மாதிரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் நெற்றியை நொடிக்கு ஒருதரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தீக்குழியில் ஓடாமல் நடந்தவள் அவள். பிரமிளா தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் முப்பத்தொன்பது பாகை. புஷ்பலதா எடைக்கு ஏற்ற அளவில் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் கொடுத்தாள். போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தாள். இழுப்பு வந்தால் பிள்ளையை எப்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், எத்தனை நிமிடம் பார்க்கவேண்டும், எப்போது வண்டியை எடுக்கவேண்டும் என்று வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். சுகுமாரனை லாரிச் சாவியோடு வாசலிலேயே இருக்கச் சொன்னாள். அப்புறம் பாப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் பயம்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழைய சொல். அடுத்தவர் பிள்ளையின் காய்ச்சலும் சிலசமயம் தன் உடம்பில் தெரியும் என்று அன்று அவள் அறிந்துகொண்டாள்.

இழுப்பு வரவில்லை. மறுநாள் சேவல் கூவும்போது கோகிலனின் நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. கண் விழித்தவன், பக்கத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த தாதியின் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கோயிலில் சின்னையா காப்பை அறுத்தார். பாப்பா அந்தக் கயிற்றை வாங்கி அம்மன் சூலத்தில் கட்டினாள். "நாளைக்கு வேன் கொண்டாங்க மிஸி" என்று மட்டும் சொன்னாள்.

யாராவது நாலு பேர் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டுதான் புஷ்பலதா மறுநாள் வேனில் ஏறினாள். வேன் மலை வளைவில் திரும்பியது. ஓட்டுநர் தானாக வேகத்தைக் குறைத்தார்.

மூடுபனி இன்னும் விலகவில்லை. சுண்ணாம்பு மலைக்குக் கீழே, கோயிலிலிருந்து பெரிய சாலைவரை ஆறாங்கட்டை முழுவதும் வரிசையில் நின்றது. இடுப்பில் பிள்ளைகள், கையில் பிள்ளைகள், அப்பாக்களின் தோளில் பிள்ளைகள். வேலைக்குப் போகாமல் நின்றவர்களும் இருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்களும் இருந்தார்கள். பழைய நாளின் பெரட்டு மாதிரியே இருந்தது, ஆனால் அதட்ட ஒரு கிராணியும் இல்லை. முன்னால் நின்று பாப்பா ஒவ்வொரு பிள்ளையின் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோகிலன் போக மீதிப் பதினெட்டுப் பெயர். பதினெட்டுக்கும் பதில் வந்தது.

புஷ்பலதாவால் குளிர்பெட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை. கண்ணீர் மறைத்தது. ஒரு ஊர் தன் பிள்ளைகளைத் தூக்கிவந்து ஒருத்தி கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! இதையா ஒரு கட்டத்தில் கோடு போட்டு அளக்க வந்தோம் என்று கூசினாள்.

எல்லாருக்கும் போட்டு முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. தயங்கித் தயங்கி அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"அக்கா, இத மறுபடியும் நிரப்பச் சொல்லியிருக்காங்க."

பாப்பா அதை வாங்கி, 'தடுப்பூசியை நம்புகிறீர்களா?' என்ற கேள்வியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேனாவை வாங்கி அந்த வரியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தாள். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"பயத்த உள்ள வச்சுக்கிட்டு இனிமே யாரும் தலையாட்டாதீங்க. என் பயத்த நான் வெளிய சொல்லிக் கேக்காம, ஊருக்கே பங்கு வச்சுக் குடுத்தேன். பத்தொம்போது புள்ளைங்க உசுரு பத்து வருசம் கழிச்சு அதுல மாட்டிக்கிச்சு. அது என் தப்பு."

அப்புறம் படிவத்தைப் புஷ்பலதாவிடம் நீட்டினாள்.

"நீங்களும் கேட்டுக்குங்க மிஸி. 'நம்புறியா'ன்னு கேட்டா எங்க ஆளுங்க 'நம்புறேன்'னுதான் சொல்லுவாங்க. 'என்னா பயம்'னு கேளுங்க. கேட்டுட்டுப் போயிராம, அந்தப் பயம் தீர்ற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. நம்பிக்கைய காகிதத்துல வாங்க முடியாது லா, காப்புக் கட்டித்தான் வாங்கணும்."