தொண்டையில் நின்ற பால்

பாலில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மெல்லிசாக, சுருக்கம் விழுந்து, ஒரு கிழவியின் கன்னம் போல.

"ஒரே ஒரு மடக்குக்கா—"

"வேண்டாங்கிறேன்—"

"நேத்தும் இதேதான் சொன்னே, அப்புறம் கஞ்சி மட்டும்—"

"கஞ்சி இறங்கிச்சுன்னு யார்டி சொன்னா? எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போயி? நானா குடிக்கப் போறேன்? சாக்கடையிலதான் கொட்டணும்."

வேதவல்லி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை தையல்நாயகி டம்ளரும் கையுமாக நின்றாள். அம்மாவின் திதிக்கென்று வந்தவள், அக்காவின் இளைப்பைப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்டாள்.

வெளியே மழை. சீர்காழியின் ஐப்பசி மழை. அது பேசிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் வேண்டாம் அதற்கு.

வேதவல்லியின் தொண்டைக்குள் ஒரு உருண்டை. புளியங்கொட்டை அளவு. விழுங்கினால் இறங்காது. காறினால் ஏறாது.

உள்ளங்கை வேர்க்கும், அதுவும் குளிர்ந்த வேர்வை. தெருமுனையில் பஸ் சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், யாரோ அவசரமாய்க் கதவைத் தட்டுவது போல. மணிக்கட்டில் நின்ற வளையல் இப்போது முழங்கை வரை போய் வருகிறது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை என்றார். கவலை இறுகினால் தொண்டையும் இறுகும்மா, மனசுல எதாவது இருக்கா என்றார். இல்லை என்றாள். சொல்லும்போதே உருண்டை ஒருதரம் புரண்டது.

போன ஐப்பசி. இதே மழை. இதே கட்டிலில் அம்மா.

மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆளாளுக்குப் பால் ஊற்றியாயிற்று. யாருக்காகவோ உசிரு நிக்குது என்றாள் எதிர்வீட்டுக்காரி. யாருக்காக என்று தெருவுக்கே தெரியும். வேதவல்லி ஊற்றிய பால் கடைவாய் வழியே தலையணைக்குப் போயிற்று.

தையல் வந்துகொண்டுதான் இருந்தாள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். சாலையெல்லாம் தண்ணீர், பஸ் நகரவில்லை. வந்துடுவேன்க்கா, அம்மாவ இருக்கச் சொல்லு என்று போனில் அழுதாள்.

வேதவல்லி இருக்கச் சொல்லவில்லை.

அலுத்துப் போயிருந்தாள். பீ வாரிய கை. புரட்டிப் படுக்கவைத்தே ஒடிந்த இடுப்பு. அம்மாவின் கண்ணோ வாசலில். சருகு விழுந்தாலும் வாசலுக்கு ஓடும் கண். பார்த்துக்கொள்கிறவள் இங்கே, பார்வை அங்கே.

அக்கா தங்கை இருவருக்கும் குரல் ஒன்று. அப்பாவே போனில் தடுமாறுவார். கூப்பிடுவதில்தான் வித்தியாசம். வேதவல்லிக்கு அம்மா வெறும் 'அம்மா'. தையலுக்கு 'யம்மோவ்'. கன்று கூப்பிடுகிற மாதிரி இழுப்பாள்.

எதிர்வீட்டுக்காரி உலையைப் பார்க்கப் போன நேரம். வேதவல்லி காதோரம் குனிந்தாள். தங்கையின் குரலை எடுத்துக்கொண்டாள். தங்கையின் இழுப்பையும்.

வாய் திறந்தது. அவளுக்குத் திறக்காத வாய் தையலுக்குத் திறந்தது.

ஒரு கரண்டி பால். அம்மாவின் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கிற்று. மறுபடி ஏறவில்லை.

அந்தி மங்கும்போது தையல் சொட்டச் சொட்ட வந்து கட்டில் காலடியில் விழுந்தாள். பால் குடிச்சாளாக்கா என்றாள். இல்லடி, சட்டுனு போயிட்டா என்றாள் வேதவல்லி.

குடித்தாள் என்றால், யார் கையால் என்பாள். என்ன சொல்லிக் குடித்தாள் என்பாள். அதற்குப் பயந்து சொன்ன 'இல்லை'. அந்த 'இல்லை'தான் உருண்டது. உருண்டு நின்றது.

அன்றிலிருந்து தையல் பாலைத் தொடுவதில்லை. கடுங்காப்பிதான். மோர்கூடக் கிடையாது. தனக்காகக் காத்துக் காத்து அம்மா வறண்ட தொண்டையோடு போய்விட்டாள் என்று அவளுக்குத் தீராத எண்ணம். யாரும் சொல்லவில்லை. அக்காவின் ஒரு சொல் சொல்லிற்று.

மழை வலுத்தது. தையல் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். விரலால் ஆடையை ஒதுக்கினாள். கரண்டியில் கொஞ்சம் மொண்டு அக்காவின் உதட்டருகே கொண்டுவந்தாள்.

"குடிக்கா. அம்மாதான் நாக்கு நனையாமப் போனா, இந்தப் பாவி வந்து சேரலன்னு. நீயுமாக்கா?"

வேதவல்லிக்கு உள்ளங்கை வேர்த்தது. நெஞ்சின் கதவை யாரோ தட்டினார்கள், தட்டினார்கள். உருண்டை புரண்டது. இந்தத் தடவை இறங்கப் பார்க்கவில்லை. ஏறியது.

வேதவல்லி தங்கையின் கையைப் பிடித்தாள். கரண்டிப் பாலில் மறுபடி ஆடை கட்டத் தொடங்கியிருந்தது, மெல்லிசாக, சுருக்கம் விழுந்து. அதைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். அக்காவின் வாய்தான். குரல் தையலுடையது.

"யம்மோவ்... தையல் வந்துட்டேம்மா. வாயத் தொற."