வறுத்த அலுமினா

1.

என் மனைவி பரிமளா ஒருவருக்கு நன்றி சொல்லாமல் விட்டுவிட்டாள். அதனால்தான் இந்தக் கதை. ("எல்லாத்தையும் எழுதிடுவீங்களா?" என்று இப்போதே முறைக்கிறாள்.)

முதல் தொடக்கம்: 'திண்டிவனத்தின் வானம் கருத்திருந்த ஒரு மாலையில் அவள்—'

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை. மழைக்கு மட்டும் கொஞ்சம் உண்டு.

2.

2006 மழைக்காலம். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கொட்டகையில் பரிமளா நிலவேம்புச் சாறு தயாரித்துக்கொண்டிருந்தாள். இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, முதலில் களிமண் பொடி வழியாகவும், பிறகு நீளக் குழாயில் அடைத்த அலுமினா* என்ற வெள்ளைப் பொடி வழியாகவும் இறக்குவாள். பச்சை நிறம் பொடியில் தங்க வேண்டும், கசப்பு கீழே இறங்க வேண்டும். வாங்குகிற புதுச்சேரிக்காரர், பச்சை தெரிகிறதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறையும் திரும்பினால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

(* பாத்திரக்கடை நினைவுக்கு வந்தால் உங்கள் தவறல்ல. எனக்கும் அதுதான் வந்தது.)

3.

வீரமுத்து பகலில் எங்கள் கொட்டகையில் வேலை செய்வார், சாயங்காலம் பேருந்து நிலையத்தில் மல்லாட்டை (உங்கள் ஊரில் வேர்க்கடலை) விற்பார். பொட்டலம் மடிக்குமுன் காகிதத்தை வரி விடாமல் வாசிப்பார். வாங்க வந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். (நம்ப முடியவில்லையா? நேரில் போய்ப் பாருங்கள்.)

மழையில் அலுமினா மூட்டை நமுத்துப்போனது. அவர் யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய், மல்லாட்டை வறுக்கும் சட்டியிலிருந்து மணலைக் கொட்டிவிட்டு, கழுவி, அலுமினாவை வறுத்து ஆறவைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

சாறு தண்ணீர்போல் தெளிவாக இறங்கியது. எல்லோரும் கைதட்டினோம். பரிமளா ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். கசப்பே இல்லை.

"இன்னா பண்ணீங்க, வீரமுத்தண்ணே?"

"ஈரமா கெடந்துச்சும்மா. மணலு வறுக்கிற மாதிரி வறுத்துக்கினு வந்து போட்டேன்."

சூடுபட்ட பொடிக்குப் பசி கூடிவிட்டது. பச்சையோடு கசப்பையும் விழுங்கிவிட்டது.

4.

முதல் பிரதியில் இங்கே பரிமளா புன்னகைத்து, 'பரவாயில்லை அண்ணே' என்கிறாள். படித்துவிட்டு அந்த வரியை அவளே அடித்துவிட்டாள்.

"நான் எங்கங்க சிரிச்சேன்? கத்து கத்துன்னு கத்துனேன். என்னையும் வடிகட்டிட்டீங்களா?"

சரி. கத்தினாள். கத்தி ஓய்ந்து குழாயின் முன் உட்கார்ந்தாள். பிறகு, "கசப்பு எங்க போயிடும்? பொடியிலதானே கீது" என்று எழுந்து, ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மேலிருந்து ஊற்றினாள். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றிருந்த வீரமுத்துவைக் கூப்பிட்டு, கீழே இறங்கியதில் முதல் கரண்டியை நீட்டினாள்.

அவர் முகம் கோணிப்போனது. "அய்யய்யோ... கசக்குதும்மா!"

ஒரு மனிதர் முகம் சுளித்ததற்கு நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். பச்சை பொடியிலேயே தங்கிவிட்டது. புதுச்சேரிக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வறுக்காத அலுமினாவை நாங்கள் தொட்டதில்லை. அந்தக் கொட்டகைதான் எங்களுக்குச் சோறு போட்டது, எனக்கு எழுத நேரமும் கொடுத்தது.

5.

முடிவு ஒன்று: பரிமளா கைகூப்பி நன்றி சொல்கிறாள். (பொய்.)

முடிவு இரண்டு: "சைக்கிள உள்ள வுடுங்கண்ணே, நனையுது" என்கிறாள். (நடந்தது.)

இத்தனை வருடம் கழித்து அவளிடம் கேட்டேன். "சொல்லணும்தாங்க. வாய் வரல" என்றாள், கண் கலங்கி. ஆகவே மூன்றாவது முடிவை உங்களிடம் விடுகிறேன்:

பரிமளா சொன்னாள்: "வீரமுத்தண்ணே, ................"

நிரப்பிவிட்டு, இந்தப் பக்கத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். எப்படியும் ஒருநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேரும். மடிக்குமுன் அவர் வாசிப்பார்.