கத்தியின் முதுகில் அடிப்பது

வனக்காவலர்கள் காட்டுக்குள் போகும்போது கிடங்கு ஜன்னலில் ஆளுக்கொரு கத்தி வாங்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்ததும் அதே ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கொடுத்த பிறகு கிடங்குக்காரர் அதைப் பார்ப்பாரே, அதுதான் கஷ்டம். உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைக் கத்தியின் முதுகில் பிடியிலிருந்து நுனிவரை ஓட்டுவார். மருமகள் கழுவிய பாத்திரத்தை எந்த மாமியாரும் அப்படித் துருவிப் பார்த்திருக்க மாட்டாள். அவர் இல்லாத நேரத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

அவர் தேடுவது ஒன்றே ஒன்றைத்தான். கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் கட்டையால் அடித்துப் பிளந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை அது கத்திக்குச் செய்யும் துரோகம். உடைந்த பழைய கத்தி ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார். எவனோ ஒரு புண்ணியவான் பாறாங்கல்லால் அடித்து அதை இரண்டாக்கியிருந்தான். கல்லால் அடித்தால் எதுதான் உடையாது? ஆனால் அதை அவரிடம் யார் போய்க் கேட்பது? கத்தி வெட்டுவதற்கு, பிளக்கக் கோடாலி. இரண்டாம் தடவை மீறினவனிடம் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வேலி போடும் வேலைக்கு அனுப்பிவிடுவார். ஒரு தடவையாவது தானே அடித்துப் பார்த்திருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை.

அவருடைய ஒரே மகளைக் கட்டியவனும் வனக்காவலன்தான். நல்ல பையன், வாயாடி. இந்த மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் அவன் கொடுத்த கத்தியில், பிடிக்குப் பக்கத்தில் ஒரு மரச்சிராய் சிக்கியிருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"மாப்பிள்ள, இது என்ன?"

"விறகு பிளந்தேன் மாமா. மேல எல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. பிளந்தா உள்ள காய்ஞ்சிருக்கும், நெருப்பு உடனே பிடிக்கும். கோடாலி ரெண்டு பேருக்கு ஒண்ணுதான், அது கூட்டாளிகிட்ட இருந்துச்சு. கத்தியும் அதுக்குத்தானே?"

"அதுக்குத்தானா? அப்போ நாளைக்குச் செருப்பத் தூக்கித் தலையில வெச்சுக்கோங்க. அதுவும் மழைக்குத்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான், ஆனால் முகம் சிவந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சுவரில் தொங்கிய உடைந்த கத்தியைக் காட்டி, "என் பொண்ணக் கட்டினவன்னு பாக்க மாட்டேன். இன்னொரு தடவ முதுகுல அடிச்சது தெரிஞ்சா, இந்த வேலைக்கே நீங்க லாயக்கில்லன்னு நானே மேல சொல்லிடுவேன்" என்றார். மாமனார் தயவில்தான் வேலையில் இருக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை அடைக்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். மானம் என்னவோ அவருடையது, வாங்கிக் கட்டிக்கொண்டது அவன்.

பிறகு அந்தக் குளிர்மழை வந்தது. கூட்டாளி காய்ச்சலில் படுத்துவிட, கோடாலியும் அவன் வீட்டிலேயே தங்கிவிட, மாப்பிள்ளை கத்தியோடு தனியாகப் போனான். சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. வாக்கி டாக்கி நனைந்து செத்துப்போனது. தேடிப் போனவர்கள் அவனைக் கண்டுபிடித்தபோது உடம்பு விறைத்துப்போயிருந்தது.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அவரு கத்தி உங்ககிட்டதானே வரும்? அவரு கத்தியால விறகப் பிளந்து பாத்தாரா இல்லையான்னு நீங்க பாத்தாலே தெரியும். பாத்து எனக்குச் சொல்லுங்க."

"எதுக்கும்மா இப்போ அது?"

"அன்னைக்கு நீங்க திட்டினதுல இருந்து அவரு சரியாவே சாப்பிடலப்பா. இனிமே உயிரே போனாலும் உங்க அப்பா கத்தி மேல கை வைக்க மாட்டேன்னாரு. சும்மா சொன்னாரா, நெஜமாவே சொன்னாரான்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் மூத்த காவலர் கத்தியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். கிடங்குக்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

"நெருப்பு மூட்டப் பாத்தானா?"

"பாத்திருக்காரு. பக்கத்துல ஈரச் சுள்ளி ஒரு குவியல். தீப்பெட்டி பூரா காலி. எல்லாக் குச்சியும் கருகிக் கெடந்துச்சு."

"வேற விறகே இல்லையா?"

"கையெட்டுற தூரத்துல காய்ஞ்ச கட்டைங்க நாலஞ்சு கெடந்துச்சு. மேல்பட்டைதான் ஈரம். அவரத் தூக்க ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் எங்களாலயும் குளிர் தாங்க முடியல. கோடாலியால பிளந்தோம். உள்ள அவ்வளவும் காய்ஞ்சிருந்துச்சு, வெச்ச உடனே பிடிச்சிடுச்சு. அவரப் பக்கத்துல போட்டுட்டு நாங்க குளிர் காய்ஞ்சோம்ண்ணே. மன்னிச்சிடுங்க."

அவர் போன பிறகு கிடங்குக்காரர் கதவைச் சாத்தினார். கத்தியை உருவினார். வாழ்நாளெல்லாம் எது இருக்கக் கூடாது என்று தேடினாரோ, அது இன்றைக்கு இருந்துவிட வேண்டும் என்று வேண்டினார். ஒரு தேய்ப்பு, ஒரு சிராய், கொஞ்சம் மரப்பிசின், ஏதாவது ஒன்று போதும். நகத்தை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தான் கொடுத்தனுப்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பூச்சுகூடக் கலையவில்லை.

இதைப் போய் மகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளும் தனக்கு இல்லாமல் போய்விடுவாள். புருஷனைத்தான் காப்பாற்ற முடியவில்லை, மகளையாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டாமா? ஒரு பொய் போதும். பிளந்து பார்த்திருக்கிறான், மரம் உள்ளேயும் நனைந்திருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் கத்தியைக் காட்டு என்பாள். அப்பன் புத்தி அவளுக்கும் அப்படியே வந்திருந்தது.

மூலையில் கணப்புக்காக அடுக்கியிருந்த விறகில் ஒன்றை எடுத்து அடிக்கட்டையின் மேல் நிறுத்தினார். கத்தியை அதன் தலையில் பதித்தார். இன்னொரு விறகுத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அடிக்க மனம் வரவில்லை. அந்த நேரத்திலும் கத்தி கெட்டுப்போகுமே என்று தோன்றியது. சீ என்று தன்னையே வைதுகொண்டு கத்தியின் முதுகில் அடித்தார்.

கத்தி இறங்கியது. இன்னொரு அடி அடித்தார், விறகு முனகியது. மூன்றாவது அடியில் இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் விழுந்தது. உள்ளே வெளேரென்று காய்ந்திருந்தது. கத்தியைத் துடைத்துப் பார்த்தார். விளிம்பு மழுங்கவில்லை, முதுகு நெளியவில்லை. இத்தனை காலம் எதற்காக மனிதர்களைக் கரித்துக் கொட்டினாரோ, அதைக் கத்தி பொருட்படுத்தவே இல்லை. விறகின் பாதியை எடுத்து நிறுத்தி வெறி பிடித்தவர் போல அடித்தார். அதுவும் பிளந்தது. அதில் பாதியையும் பிளந்தார். எங்காவது ஒரு சிராய் மாட்டட்டும், ஒரு தழும்பு விழட்டும் என்று அடித்துக்கொண்டே போனார்.

நிமிர்ந்தபோது சாத்திய கதவைத் திறந்துகொண்டு மகள் நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் அலமாரியைக் காலி செய்ய வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கத்தியின் பிடியில் பெயிண்டால் எழுதியிருந்தது புருஷனின் எண் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னப்பா பண்றீங்க?"

சொல்ல நினைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. "அவன் அடிக்கலம்மா," என்றார். "ஒரு அடிகூட அடிக்கல." குரல் உடைந்து, கத்தியைப் பிடித்தபடியே அழுதார்.

அவள் அழவில்லை. கீழே குனிந்து, பிளந்து கிடந்த துண்டு ஒன்றை எடுத்து விரலால் தடவினாள்.

"எத்தன அடியில பிளந்துச்சு?"

"மூணு."

"கத்திக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

மூலைக்குப் போய் முழு விறகு ஒன்றை எடுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொரு தடவ பிளங்கப்பா," என்றாள். "நான் பாக்கணும்."