பன்னிரண்டாவது ஓட்டம்

பன்னிரண்டாவது தடவை மட்டும் ஏன் ஒழுங்காக வந்தாய்? நான் உனக்கு ஒன்றுமே செய்யவில்லையே.

பிரான்வின் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. எதிரே இருந்தது இயந்திரம். தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று கரியணுக்களின் எடையை வைத்துச் சொல்வது அதன் வேலை. தேனை உள்ளே விடுமுன், ஒரே சிலிண்டரிலிருந்து ஒரே வாயுவைப் பத்து முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். பத்துக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். சிதறல் 0.06க்குள் இருந்தால் தேறியது. காலையிலிருந்து பதினோரு ஓட்டம், பதினொன்றும் தேறவில்லை. இணைப்புகளில் ஆர்கான் வாயு ஊதிக் கசிவு தேடினாள். மெல்லிய குழாயை மாற்றினாள். அழுத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். அலுத்துப்போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினாள். 0.05.

அந்தச் சந்தோஷத்தில் டெஸ்லி ரம்போல்டின் தேனையும் ஓட்டிவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. சர்க்கரை 7.3 சதவீதம். ஏழைத் தாண்டினால் ‘கலப்படம்’ என்று எழுத வேண்டும். மேற்குக் காடுகளில் நானூறு தேனீப் பெட்டி வைத்திருப்பவள் டெஸ்லி. அவள் சரக்கு ஹோபார்ட் துறைமுகத்தில் காத்துக் கிடந்தது. அந்த ஒரு வார்த்தை போதும், இனி அவளிடம் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஆய்வகத் தலைவர் ஆலஸ்டர் கையில் அறிக்கையோடு வந்தார்.

“மெஷின் பாஸாயிடுச்சாமே ப்ரான்! கையெழுத்துப் போடு, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

“பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல நான் என்ன ரிப்பேர் பண்ணேன் ஆல்?”

“டீ குடிச்சே.”

“அப்ப அதையே எழுதிடவா? கோளாறு: தெரியல. ரிப்பேர்: டீ, பால் கொஞ்சம் தூக்கலா.”

ஆலஸ்டர் சிரித்தார். “என்னமோ புதுசா சேர்ந்தவ மாதிரி பேசற. வர்ற வரைக்கும் ஓட்டு, வந்ததை ஃபைல்ல வை. நீயே எத்தனை வச்சிருப்பே!”

வைத்திருக்கிறாள். சுருக்கென்றது. இயந்திரத்தை மட்டுமா? தன் மனசையும் அவள் இப்படித்தான் கேட்பாள்: இந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது என்று அது சொல்லும்வரை கேட்பாள். சொன்னதும் கேட்பதை நிறுத்திவிடுவாள்.

“அந்தப் பொம்பளை கலந்துதான் இருப்பா,” என்றார் ஆலஸ்டர். “ போன வருஷம் காட்டுல பூவே இல்ல, அவளுக்கு மட்டும் தேன் எங்கேருந்து கொட்டுச்சாம்?”

“கலந்திருக்கலாம்.” பிரான்வினுக்கும் டெஸ்லியைப் பிடிக்காது, ஜாடியை மேசைமேல் வைக்கிற தோரணையே எரிச்சலூட்டும். “ஆனா இது ஆடற ஆட்டத்துக்கு அந்த ஏழு புள்ளி மூணு ஆறரையாவும் இருக்கலாம், எட்டாவும் இருக்கலாம்.”

“ஆடல. பாஸாயிடுச்சு.”

“ஒரே ஒரு தடவை.”

“அந்தப் பதினொண்ணையும் குப்பையில போடும்மா. தணிக்கைக்கு வர்றவங்க பாஸானதைத்தான் கேப்பாங்க.”

அவள் பதினோரு தாள்களையும் வரிசையாக அடுக்கினாள். பன்னிரண்டாவதை அடியில் வைத்துப் பின் குத்தி, கையெழுத்துப் போடாத அறிக்கையோடு அவரிடம் நீட்டினாள்.

“நான் போடல ஆல்,” என்றாள், குரலை உயர்த்தாமல். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, கோளாறைத் தேட, வாயு சிலிண்டரின் தலையிலிருந்த அழுத்தச் சீராக்கியைக் கழற்றப் போனாள்.