ஜவுபர் கதையை முடித்தான்

1
இந்தக் கதை கல்முனை பஸ் நிலையத்தில் ஒட்டுக்கேட்டது. ஒரு பெண் போனில், "மாப்பிள்ள ஊட்டுக் கதைய முடிச்சிட்டம்" என்றார். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் சற்றுத் தள்ளிப்போனார். எங்கள் கிழக்குக் கரையில் அதற்குக் கலியாணப் பேச்சு ஒப்பேறியது என்று பொருள். அவருக்கோ ஆளைத் தீர்த்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கும்.

இந்தச் சொல் ஒருவனைத் தூக்குக்கு அனுப்பினால்?

2
"மருதமுனையில் தறிச் சத்தத்தின் நடுவே பிறந்த கைருன்னிஸா..." (வேண்டாம். பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

சட்டக் கல்லூரி, நீதவான், மேல் நீதிமன்றம், இன்று உயர் நீதிமன்ற நீதியரசர். ஓர் உத்தியோக வாழ்க்கையே ஒரு வரியில் போய்விட்டது. எனக்கு அவருடைய ஒரு காலை மட்டும் போதும்.

3
அன்று ஜவுபரின் மேன்முறையீடு. அவன் சாய்ந்தமருது மீனவன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை கேட்டு ஷரிபுதீன் வீட்டுக்குப் போனான். மறுநாள் ஷரிபுதீன் கொலையுண்டு கிடந்தார். கொழும்பில் நடந்த விசாரணையில், கூண்டில் நின்று சொன்னான்: "சண்ட ஒண்டும் இல்ல சேர். காக்காட கதைய முடிச்சிட்டுத்தான் வந்தன்." (காக்கா என்றது ஷரிபுதீனை, அண்ணன் முறையில்.)

வேறு மாகாணத்து மொழிபெயர்ப்பாளர், ‘அவரைத் தீர்த்துவிட்டு வந்தேன்’ என்று சிங்களத்தில் எழுதினார். ஜவுபரின் வக்கீல் நம்ம ஊர். காதில் விழுந்தது சரியாக இருந்ததால் எழுத்தில் விழுந்ததை அவர் பார்க்கவில்லை. மரண தண்டனை.

4
காலையில் கைருன்னிஸாவுக்குத் தங்கை ஹுஸ்னியா போன் எடுத்தாள் (எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா). "தாத்தா, ஊராள்ட வழக்காமே. விலகிடுங்க. பொறகு நம்மட புள்ளைகளுக்கு ரோட்டால போகேலாது."

(நீதியரசர் வழக்கைப் பற்றிப் போனில் கதைப்பாரா? நீண்ட பதில் ஒன்று எழுதி அழித்துவிட்டேன்.)

"சாப்பிட்டியா? அப்ப கதைய முடி" என்றார் கைருன்னிஸா.

5
மூவர் அமர்ந்த ஆயத்தில் தமிழ் மூலத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. விலகினால் அந்தச் சொல்லும் அவரோடு எழுந்து போகும். இருந்தால் ஊர்ப்பற்று என்பார்கள். அரச சட்டத்தரணி எழுந்து, பணிவாக, அதையே சொன்னார்.

கைருன்னிஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என் ஊர்ச் சொல். தெரிந்ததை மறைத்துக்கொண்டு இங்கே இருக்க மாட்டேன். தெரியும் என்பதற்காக எழுந்து போகவும் மாட்டேன். அந்தக் கரையில் இருந்து சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், அவரைக் கேளுங்கள்."

மற்ற இரண்டு நீதியரசர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்கள்...

6
இங்கே நிறுத்துகிறேன். ஜவுபர் வீட்டுக்குப் போகும் முடிவு ஒன்றும் போகாத முடிவு ஒன்றும் எழுதிக் கிழித்தாயிற்று. கதையை முடித்துத் தரச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார்.

நீங்களே முடியுங்கள். எங்கள் பொருளிலா, அவர்கள் பொருளிலா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜவுபர் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.