மட்டிக்களியைத் தாண்டி வருகிறவர்

கனவில் ஒஸ்வல்ட் மட்டிக்களியைத் தாண்டிவிட்டார்.

எர்மின் விழித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். இமைக்குள் அந்த வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கனவில் துறைமுகத்துத் தண்ணீர் கரையேறி வந்து தெருவை ஒரு விரல் உயரத்துக்கு மூடியிருக்கும். அதன்மேல் அவருடைய சைக்கிள் சத்தமில்லாமல் உருண்டு வரும். பின் கரியரில் தச்சுப் பெட்டி கட்டியிருக்கும். சென்றிச் சாவடி வந்ததும் இறங்குவார். மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஆமிக்காரன் நிற்கமாட்டான். கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களில் ஒன்று நிற்கும். அவர் அடையாள அட்டையை நீட்டுவார். மான் அதை ஆறுதலாக வாசிக்கும். சில நாட்களில் ஒரு கனவு முழுக்க வாசித்துக்கொண்டே நிற்கும். அதனால்தான் அவர் வந்து சேர இவ்வளவு சுணங்கியது.

விழித்திருக்கிற உலகத்தில் ஒஸ்வல்ட் காணாமல்போய் ஆறு வருடம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, துறைமுகத்தில் படகுத் தச்சு வேலைக்கென்று காலையில் புறப்பட்டவர். மத்தியானத்தோடு தெருக்களை மூடிவிட்டார்கள். பிறகு அவரைக் கண்டதாகச் சொன்னவர் ஒருவருமில்லை. அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் மில்ரெட்டின் மூத்த மகன் ரெக்ஸும் அதே கிழமைதான் காணாமல்போனவன். அந்த மில்ரெட்டின் இளைய மகன் கிளைவுக்கும் எர்மினின் ஒரே மகள் பெரிலுக்கும் இன்று கலியாணம்.

எழும்ப வேண்டும். ஆனாலும் எர்மின் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தாள். மட்டிக்களிக்குப் பிறகு அனுராதபுரச் சந்தி. அதன்பிறகு அன்புவழிபுரம். அதையும் கடந்தால் பாலையூற்று, இந்த வீடு.

அந்த ஆறு வருடத்தில் ஐந்தரை வருடத்துக்கு மேல் அவள் ஒரு கனவும் கண்டதில்லை. குடித்தாள். அவர்களுடைய ஒழுங்கையில் அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. பறங்கிக் குடும்பங்கள், ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்து கிளாஸ் எடுப்பார்கள். ஒருவர் வயலின் எடுத்தால் மற்றவர்கள் பைலா பாடுவார்கள். சண்டை வந்த பிறகு, விசேஷம் இல்லாத நாளிலும் கிளாஸ் வெளியே வந்தது. ஷெல் விழுந்தால் பயத்துக்கு. விழாவிட்டால் விழாத சந்தோசத்துக்கு. எர்மின் நித்திரைக்காகக் குடித்தாள். தையல் மெசினை மூடியதும் ஒன்று, விளக்கேற்றியதும் ஒன்று, அதற்குப் பிறகு எத்தனை என்று அவளுக்கே தெரியாது. நித்திரை கறுப்புத் துணிபோல வந்து மேலே விழும். பூவோ கரையோ இல்லாத வெறும் கறுப்பு.

போன மாசியில் ஒருநாள் பெரில் சட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தவள், சும்மா கேட்டாள்:

"மம்மி, டடிக்கு எந்தப் பக்கப் பல் உடைஞ்சிருந்தது?"

எர்மின் வாயைத் திறந்தாள். வலமா, இடமா? பல்லைத் தேடப்போனவளுக்கு வாயே அகப்படவில்லை. வாயைத் தேடினால் முகம் அகப்படவில்லை. சுவரில் இருந்த கலியாணப் படத்தில் கோட்டுப் போட்ட யாரோ ஒரு வாலிபன் வாயை மூடிக்கொண்டு நின்றான். இந்த மனிதனோடு பத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவள் நான் என்று அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். துறைமுகம் அவரைக் கொண்டுபோனது ஒருதரம். மிச்சத்தை நான்தான் ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விழுங்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

அன்றோடு குடியை விட்டாள். நூல் ஊசிக்குள் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் கனவு வந்தது: துறைமுக வாசல், வெள்ளை வெளிச்சம், தண்ணீரில் நிற்கும் சைக்கிள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். இடது பக்கப் பல்.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள், ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று கையில் திணிப்பார்கள். பால் விடாத தேத்தண்ணி ஆறினால் சாராயத்தின் நிறம்தான். விசேஷ வீடுகளில் அதைக் கிளாஸில் வைத்துக்கொண்டு எல்லோரோடும் சிரித்தாள். சித்திரையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் மட்டும் தப்ப முடியவில்லை. அரைக் கிளாஸ் உள்ளே போனது. ஒன்பது இரவு கறுப்புத் துணி. பத்தாம் இரவு கனவு வந்தபோது, இன்னர் ஹாபர் ரோட் முடியும்வரை வந்திருந்தவர் மறுபடியும் துறைமுக வாசலில் நின்றார். மான் அட்டையை முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது. அவர் கோபிக்கவில்லை. சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றார். அந்தப் பொறுமையை அவளால் தாங்க முடியவில்லை.

இனி ஒரு துளியும் இல்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தவளுக்கு, இந்தக் கலியாணத்தில் ஒரு கண்டம் இருந்தது.

ஒஸ்வல்டின் ஆட்களிடம் ஒரு வழக்கம். கோயிலால் வரும் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் பெண்ணின் தாய் வாசலில் மறித்து நிற்பாள். கையில் வீட்டில் ஊறவைத்த வைன் ஒரே ஒரு கிளாஸ். முதல் வாய் தாய்க்கு, அடுத்தது பெண்ணுக்கு, மிச்சம் மாப்பிள்ளைக்கு. பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம்.

பாலையூற்றில் வைன் என்றால் எர்மினின் கைதான். திராட்சை வற்றலும் சீனியும் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, ஞாயிறுக்கு ஞாயிறு திறந்து ஒரு கரண்டி நாக்கில் விடுவாள். இன்னும் எவ்வளவு சீனி என்று அந்த நாக்குச் சொல்லும். இந்தத் தடவை நாக்கைக் கேட்க முடியாது. ஜாடியைத் திறக்கும்போதே மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அந்த மணம் பிடரியில் கைவைத்துத் தள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரில், ஒருக்கா ருசி பாத்துச் சொல்லு. சீனி காணுமா?"

"காணும் மம்மி," என்றாள் பெரில் குசினிக்குள் இருந்தபடி. மூன்று ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில்.

---

ஊரடங்குக்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்பதால் பூசை காலையிலேயே. பத்து மணிக்கு ஒழுங்கை நிறைந்துவிட்டது. எர்மின் வாசலில் கிளாஸோடு நின்றாள். வெயிலில் வைன் செந்நிறமாக மினுங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடி, கிளாஸைச் சரித்து, தொண்டையை ஒருதரம் ஏற்றி இறக்கினாள்.

"எப்பிடி?" என்று கேட்டாள் மில்ரெட். நீலச் சட்டை, கையில் பெரிய கைப்பை, ஒழுங்கைக்கே கேட்கும் குரல்.

"வலு திறம்," என்றாள் எர்மின்.

பெரில் வாங்கினாள். அவளும் சரித்தாள். "நல்லாயிருக்கு," என்றாள், மூச்சுவிடாமல்.

கிளைவ் வாங்கி ஒரே இழுவையில் விழுங்கினான். முகம் நெல்லிக்காயாகச் சுருங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. பூக் குத்திய கோட்டின்மேல் இருமினான்.

"என்னடா?"

"வினாகிரிப் புளிப்பு, மம்மி."

"விசர்க்கதை கதையாதை. எர்மின்ட கை வைன்." மில்ரெட் கிளாஸைப் பறித்து அடியில் கிடந்த துளியை நாக்கில் விட்டாள். "மாதாவே! இதில அறக்குளா மீனை ஊறப்போடலாம்!"

ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. வயலின்காரரும் வில்லை இறக்கிவிட்டுச் சிரித்தார். மில்ரெட் மட்டும் சிரிப்பை இடையில் நிறுத்திக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

"எர்மின், நீ முதல் வாய் குடிச்சனி. வலு திறம் எண்டாய்."

எர்மின் சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள்.

"பெரில், நீயும் குடிச்சனி."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கள் ருசி பாக்கேல்லையா மம்மி?" என்றாள் பெரில் மெதுவாக.

"நீ பாத்தனி எண்டு சொன்னியே."

"நீங்கள் எப்பிடியும் பாத்திருப்பீங்கள் எண்டு நினைச்சனான். எனக்கு... எனக்கு அந்த மணம் ஏலாது மம்மி. டடி போன நாளிலயிருந்து ஏலாது. தாறதையெல்லாம் முத்தத்துக் குறோட்டன் செடிக்குத்தான் ஊத்துறனான்."

"அதுதான் அது அப்பிடித் தழைச்சு நிக்குது!" என்றார் யாரோ. மறுபடியும் சிரிப்பு. எர்மினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம் ஒவ்வொரு காலையும் பெரில் ஜன்னல்களை ஏன் அகலத் திறந்துவைத்தாள் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெளிக்காற்று நல்லது என்றுதான் பிள்ளை சொல்லும்.

மில்ரெட் கைப்பையைத் திறந்து கால்போத்தல் ஒன்றை எடுத்தாள். கிளாஸைக் கழுவாமலே சாராயத்தை ஊற்றினாள்.

"நடந்தது நடந்துபோச்சு. வழக்கம் எண்டு ஒண்டு இருக்கு. தாய் குடியாமல் பிள்ளையை என்ர வீட்டை அனுப்பேலாது. ஒரு வாய். இந்தமுறை நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

எல்லாருடைய கண்ணும் எர்மினின் உதட்டில் இருந்தது. மூச்சைப் பிடிக்க மறந்துபோனாள். மணம் வந்தது, கதவு தட்டாமல் உள்ளே வரும் பழைய சிநேகிதிபோல. எவ்வளவு அன்பான மணம்! ஒரு வாய்தான். மகளுக்கு மரியாதை, சம்பந்திக்குச் சந்தோசம், பிறகு மெல்ல மெல்லக் கறுப்புத் துணி. ஒழுங்கையின் வெயில் ஒருகணம் தண்ணீராகத் தளும்பியது. அதன் மறுகரையில் ஒரு மனிதர் மிதியில் ஒரு காலை வைத்தபடி, இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏலாது மில்ரெட்."

"ஏன், வருத்தமா?"

"ஒஸ்வல்ட் மட்டிக்களி தாண்டிட்டார்."

வயலின்காரர் கம்பியில் வைத்த விரலை எடுத்தார். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"என்ன கதைக்கிறாய்?"

"கனவில. குடிக்கிறதை விட்டாப்பிறகு வாறார். ஹாபர் வாசல்ல வெளிக்கிட்டு ஒவ்வொரு சென்றியா வாறார். சித்திரையில அரைக் கிளாஸ் குடிச்சனான். திரும்ப வாசலுக்கே போயிட்டார்." அவள் குரல் உயரவில்லை. "இனி முதல்லயிருந்து வர அவராலயும் ஏலாது. பாத்துக்கொண்டிருக்க என்னாலயும் ஏலாது. பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்."

பெரில் தாயின் கையைப் பிடித்தாள். மில்ரெட் ஏதோ பகிடி சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் எர்மினுக்கு மிகக் கிட்டவாக வந்தாள்.

"முகம் தெரியுதா?"

"ஓம்."

"வடிவாத் தெரியுதா?"

"உடைஞ்ச பல்லும் தெரியுது."

மில்ரெட் கையிலிருந்த கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தானே அதை ஒரு மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தாள்.

"கிளைவ், கிணத்தில தண்ணி அள்ளு. கிளாஸை நல்லாக் கழுவு."

முதல் வாய் எர்மினுக்கு. கொஞ்சம் உவர்ப்பான பாலையூற்றுத் தண்ணீர். பிறகு பெரிலுக்கு. மிச்சத்தைக் கிளைவ் தாகத்தோடு குடித்தான். தொண்டையில் இன்னும் வினாகிரி எரிந்துகொண்டிருந்தது. வயலின் தொடங்கியது. ஆண்கள் தங்கள் போத்தல்களைத் தேடிப் போனார்கள். வழக்கமான கலியாண வீடுதான்.

---

கலியாணம் முடிந்து இரண்டாம் ஞாயிறு, முதல் பூசை முடிந்த கையோடு மில்ரெட் தனியாக வந்தாள். கைப்பை இல்லை. கதிரையில் இருந்தாள். எர்மின் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பை சோசரில் கிடுகிடுவென்று அடித்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்ர ஆள் இப்ப எங்க?"

"அனுராதபுரச் சந்தியில நிக்கிறார். அங்க கனபேர் லைனில நிக்கினம். மான் ஒண்டுதான்."

மில்ரெட் தலையாட்டினாள், சந்தியில் கூட்டம் என்று யாரும் சொன்னால் தலையாட்டுவதுபோல.

"உனக்கு எத்தனையாம் நாள் வந்தவர்?"

"பன்ரெண்டு."

"எனக்கு விட்டு இண்டைக்கு ஒன்பது. இரவில வேர்த்து ஒழுகுது. கண்ணை மூடினா வெறும் கறுப்பு." வெளியே பார்த்தபடி சொன்னாள். "பகலிலயும் ரெக்ஸின்ர முகத்தை நினைச்சுப் பாக்கிறன் எர்மின். சேட்டுத்தான் வருது. கோடு போட்ட சேட்டு. அதுக்கு மேல ஒண்டும் இல்லை."

அவளுடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது. எர்மின் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டுக்கொண்டு, கோப்பையை வாங்கித் தானே பிடித்து அவளுடைய வாயில் வைத்தாள். மில்ரெட் ஒரு மிடறு குடித்தாள். முற்றத்தில் குறோட்டன் இலைகள் வெயிலில் கிடந்தன. இந்தக் கிழமை கொஞ்சம் வாடியமாதிரி இருந்தது.

"ரெக்ஸ் அண்டைக்குச் சைக்கிளிலயா போனவன்?" என்று கேட்டாள் எர்மின்.

"இல்லை. முன் சில்லுக்குக் காத்துப் போயிருந்தது. நடந்துதான் போனவன்."

எர்மின் தெருவைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப கொஞ்சம் சுணங்கும்," என்றாள்.