டெர்ரன் ஹாஸ்லெட்டின் ஐந்தாவது பாட்டு

இதனால் ஓஹையோ மாநிலம் டன்மோர் ஃபால்ஸ் நகரத்துச் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உள்ளூர் பேஸ்பால் அணியான நீர்நாய்களின் மட்டையாளர் டெர்ரன் ஹாஸ்லெட், ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம் முதல் தாம் மட்டை பிடிக்க வரும்போது ஒலிக்கும் பாட்டை மாற்றிக்கொள்கிறார். இரண்டே வாரத்தில் இது ஐந்தாவது பாட்டு.

இந்த அறிவிப்பை டெர்ரனே எழுதி, உடைமாற்றும் அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தான். யாரும் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்கும் அளவுக்கு யாரும் அதைப் படிக்கவில்லை.

கடைசி இருபத்தாறு முறையும் அவன் பாட்டோடு நடந்து போய், அவுட்டாகிப் பாட்டில்லாமல் திரும்பி வந்திருந்தான். வெள்ளிக்கிழமை மேனேஜர் பட் ஓசல் சூயிங்கத்தை மென்றபடி கணக்கைத் தீர்த்துச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பந்தையாவது உருப்படியாக அடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். டெர்ரனுக்கு வயது இருபத்தொன்பது. இந்தச் சிறு லீக் மட்டத்தில் அது தாத்தா வயது. இனி வேறெந்த அணியும் கூப்பிடாது. மாமனாரின் தரைவிரிப்புக் கடையில் ஒரு நாற்காலி அவனுக்காகக் காலியாக இருந்தது. கொஞ்ச நாளாக அந்த நாற்காலி அவன் கனவில் வந்துகொண்டிருந்தது.

வேறொருவனாக இருந்தால் இரண்டு நாளும் மட்டையைச் சுழற்றிப் பழகியிருப்பான். டெர்ரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாகன நிறுத்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முதல் பாட்டில் ஒரு லாரி, ஒரு நாய், ஓடிப்போன ஒரு மனைவி; அந்தச் சோகத்தில் மட்டை கனத்துவிட்டது. இரண்டாவதில் பாதி வரிகளைக் கெட்ட வார்த்தை என்று அழித்துவிட்டதில் மிச்சம் வெறும் பீப் சத்தம். பாதிரியார் ஒருவர் அதற்கும் போன் செய்து கண்டித்தார். மூன்றாவது ஏற்றிவிட்ட வேகத்தில் பந்து கிளம்புவதற்கு முன்பே மட்டை சுழன்றது. நான்காவதைத் தேர்ந்தெடுத்தது அவன் மனைவி. அதைப் பற்றி வீட்டில் இப்போது பேச்சில்லை.

வெளியூர் ஆட்டங்களில் அறைத்தோழனான எலியெசர் பெகேரோவின் பாட்டுக்கு மைதானமே கைதட்டும். அவனும் தினம் அடித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு நாள் கடன் கொடு என்று டெர்ரன் கெஞ்சிப் பார்த்தான்.

"என் காரை எடுத்துக்க மச்சி. சட்டையக்கூட எடுத்துக்க. பாட்ட மட்டும் கேக்காத," என்றான் எலியெசர். காருக்கு பிரேக் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் டெர்ரன் ஒலிபரப்பு அறைக்கு ஏறினான். வார நாளில் பல் மருத்துவமனை வரவேற்பறையிலும் வார இறுதியில் இங்குமாகப் பத்தொன்பது வருடம் பொத்தான் அழுத்திவரும் லோரெய்ன், சூரியகாந்தி விதை கொறித்தபடி அவன் நீட்டிய தாளை வாங்கினாள். மட்டையாளன் நிற்கும் கட்டத்தின் வெள்ளைக் கோட்டருகே அவன் வந்து நின்ற பிறகே பாட்டைத் தொடங்க வேண்டும். பதினோரு விநாடி வெறும் கிட்டார். பிறகு மேளம் விழும். மேளம் விழும்போது அவன் கால் கோட்டுக்குள் விழும்.

"அது விழறதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்துரும் கண்ணு. நேரா மேளத்துலேருந்தே போடட்டுமா?"

"வேணாம். அந்தக் காத்திருப்புதான் விஷயமே."

"உனக்கு விஷயம். கடிகாரத்துக்கு?"

அவன் அதற்குள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தான்.

ஏழு இன்னிங்ஸ் வரை ஓசல் அவனை பெஞ்சிலேயே வைத்திருந்தார். டெர்ரன் பதினோரு விநாடியை வாய்விட்டு எண்ணி எண்ணிப் பழகியதில் பக்கத்திலிருந்தவன் எழுந்து வேறிடம் போனான். எட்டாவதில், ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தபோது, இருவர் தளங்களில் காத்து நிற்க, ஓசல் அவனைப் பார்த்துப் போ என்று தலையை ஆட்டினார்.

கோட்டருகே போய் நின்றான். லோரெய்ன் சொன்னபடி அழுத்தினாள். கிட்டார் எழுந்தது. டெர்ரன் கண்ணை மூடிக்கொண்டான். எதிர்ச்சுவரில் ஒவ்வொரு பந்துக்கும் நேரம் எண்ணும் கடிகாரம் பதினெட்டு, பதினேழு என்று இறங்கியது. எட்டு வருவதற்குள் மட்டையாளன் உள்ளே நின்று தயாராக இருக்க வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த விதி. எட்டு வந்தது. ஏழும் வந்தது. நடுவர் கையை உயர்த்தினார். ஒரு பந்துகூட வராமலே முதல் ஸ்ட்ரைக்; மூன்றானால் அவுட்.

அப்போது மேளம் விழுந்தது. கச்சிதமாக விழுந்தது. கூட்டம்கூடத் தாளம் போட்டது.

"நான் இன்னும் மேளத்துக்கு வரல சார்," என்றான் டெர்ரன்.

"நானும் கல்யாணத்துக்கு வரல. உள்ள வந்து நில்லு," என்றார் நடுவர்.

மிச்சமிருந்த இரண்டு ஸ்ட்ரைக்குக்கு இரண்டு பந்து போதுமானதாக இருந்தது. இரண்டு முறையும் மட்டை காற்றைத்தான் அடித்தது.

ஆட்டம் முடிந்ததும் ஓசலின் அறையில் உட்காரச் சொல்லியும் அவன் உட்காரவில்லை. கிட்டாரையும் மேளத்தையும் கையால் அளந்து காட்டினான். பதினோரு விநாடிதான் பிழை, பாட்டில் பிழையில்லை என்றான். நாளைக்கே நான்கு விநாடியாகக் குறைத்துவிடலாம், லோரெய்னிடம் பேசிவிடுகிறேன் என்றான். மேசையைச் சுற்றி இரண்டு முறை வந்தான்.

ஓசல் பொறுமையாகக் கேட்டார். "பாட்டு போட்டாங்களா?" என்றார்.

பிறகு அணியிலிருந்து விடுவிக்கும் தாளை அவன் பக்கம் நகர்த்தினார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: வளைந்து வரும் பந்தை அடிக்க வராது.